கட்சிக்காரர் ஜெயிலுக்கு, வக்கீல் பார்லிமென்ட்டுக்கு

எதிர்த்து 433 ஓட்டு, ஆதரிச்சு ஒரே ஒரு ஓட்டு! 1875 ஏப்ரல்ல லண்டன் பார்லிமென்ட்ல ஒரு தீர்மானம் இப்படித்தான் ஊத்திக்கிச்சு. அந்த ஒரு ஓட்டும் தீர்மானம் கொண்டு வந்தவரோடது இல்ல, ஏன்னா ஓட்டு எண்ணுற ஆளா அவரே நின்னுட்டாரு. பேரு எட்வர்ட் கெனீலி.

1819ல அயர்லாந்துல கார்க்ல பொறந்து, டப்ளின்ல படிச்சு, 1847ல இங்கிலாந்துல பாரிஸ்டர் ஆனவரு. பயங்கர படிப்பாளி, கவிதையெல்லாம் எழுதுவாரு. ஆனா 1850ல, கல்யாணம் ஆகாம பொறந்த தன்னோட ஆறு வயசுப் பையன அடிச்சுக் கொடுமைப்படுத்துனதுக்கு ஒரு மாசம் ஜெயில்ல இருந்திருக்காரு. எனக்கு இந்த ஆள் மேல எவ்ளோ பாவம் வந்தாலும் இந்த இடத்துல அது அப்படியே நின்னுடுது.

சரி, அவர் தலையெழுத்த மாத்துன கேஸுக்கு வருவோம். ரோஜர் டிச்போர்ன்னு ஒரு பணக்கார வீட்டு வாரிசு, 1854ல கப்பல் மூழ்கிப் போயிட்டாரு. அம்மா நம்பவே இல்ல, பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டே இருக்காங்க, 1866ல ஆஸ்திரேலியா வாகா வாகால கறிக்கடை வச்சிருந்த ஒருத்தர் நான்தான் உங்க புள்ளன்னு கெளம்பி வந்துட்டாரு. நெஜ ரோஜர் பாரிஸ்ல வளந்தவரு, ஆளு ஒல்லி. வந்தவருக்கு ஃபிரெஞ்சே வரல, கோர்ட்டு ஏறுறப்போ 150 கிலோவத் தாண்டிட்டாரு. ஆனா அந்தம்மா பாத்ததும் என் புள்ளதான்னு சொல்லிட்டாங்க, பெத்தவங்களே சொன்னப்புறம் ஊருல பாதிப் பேரு நம்புனதுல என்ன ஆச்சரியம்.

சொத்து கேஸ் 1872ல தோத்துப் போச்சு, அடுத்து பொய் சாட்சி சொன்னதா கிரிமினல் கேஸ். அதுல அவருக்காக வாதாடுனது நம்ம கெனீலி. 188 நாள் நடந்துச்சுங்க! சாட்சிங்கள அசிங்கப்படுத்துறது, கத்தோலிக்கப் பாதிரியார்கள் மேல பழி போடுறது, தலைமை நீதிபதி காக்பர்ன் கூடவே மல்லுக்கு நிக்கிறதுன்னு மனுஷன் வாதாடுனதவிட சண்ட போட்டதுதான் ஜாஸ்தி. 1874 பிப்ரவரில தீர்ப்பு, இவர் லண்டன் வாப்பிங் கறிக்கடைக்காரர் மகன் ஆர்தர் ஆர்ட்டன்தான்னு, 14 வருஷம் ஜெயில். தீர்ப்போட சேத்து ஜூரிங்க வக்கீலையும் கண்டிச்சாங்க. அப்புறம் கிரேஸ் இன்ங்கிற வக்கீல்கள் சங்கம் அவர வெளிய தள்ளிடுச்சு, மூத்த வக்கீல்களுக்குக் குடுக்குற குயின்ஸ் கவுன்சல் பட்டமும் போச்சு.

இதோட முடிஞ்சிருக்கணும்ல? இல்ல. தி இங்கிலீஷ்மேன்னு சொந்தமா ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, ஊர் ஊரா மீட்டிங் போட்டு, பெரிய எடத்து ஆளுங்கெல்லாம் சேந்து ஒரு ஏழைய அமுக்கிட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சாரு. கோர்ட்டுல தனக்கும் நியாயம் கெடைக்காதுன்னு ஏற்கனவே நெனச்சிட்டிருந்த தொழிலாளிங்களுக்கு அது நல்லாவே புரிஞ்சுது. விளைவு, 1875 பிப்ரவரில ஸ்டோக் இடைத்தேர்தல்ல, பீங்கான் தொழிலாளிங்க ஊரு அது, ஜெயிச்சு எம்பி ஆயிட்டாரு. புது எம்பிய வேற எம்பிங்க கூட்டிட்டுப் போய் சபைல அறிமுகப்படுத்துறது வழக்கம், இவருக்கு அப்படி வர ஆளே இல்ல, பிரதமர் டிஸ்ரேலியே அந்த வழக்கத்த அன்னைக்கு விட்டுடலாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்புறம் கேஸ மறுபடி விசாரிக்க ராயல் கமிஷன், அதாவது அரசு விசாரணைக் குழு வேணும்னு கேட்டதுதான் அந்த 433க்கு 1. அந்த ஒத்த ஓட்டு போட்டவரு மேஜர் ஓ'கார்மன், அவரும் ஐரிஷ்காரர்தான்.

1880 தேர்தல்ல தோத்தாரு, அதே ஏப்ரல்ல செத்தும் போயிட்டாரு. ஜெயில்ல இருந்த அவரோட கட்சிக்காரர் வெளிய வந்தது 1884ல. 1895ல ஒரு பத்திரிகைக்கு காசு வாங்கிட்டு நான் ஆர்ட்டன்தான்னு ஒத்துக்கிட்டாரு, அப்புறம் அதுவும் பொய்யின்னுட்டாரு.