மேடையை விட்டுக் கண் எடுக்காத கேமரா

நேயர்களுக்கு வணக்கம். ராக் கச்சேரிகளை வைத்து எடுத்த படங்களில் நான் அலுக்காமல் பார்ப்பது 'தி லாஸ்ட் வால்ட்ஸ்'. 'தி பேண்ட்' என்ற ராக் குழு 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் நடத்திய பிரியாவிடைக் கச்சேரியின் படம் அது. மார்ட்டின் ஸ்கார்செசி இயக்க, 1978இல் திரைக்கு வந்தது.

அன்று அமெரிக்காவில் நன்றி நவிலும் திருநாள். வந்தவர்களுக்கு முதலில் வான்கோழி விருந்து, அப்புறம்தான் பாட்டு. அவ்வளவு கூட்டம் இருந்தும் படத்தில் ரசிகர்களின் முகம் அரிதாகத்தான் தெரியும். கேமரா மேடையிலேயே நின்று, வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்க்கிறது. படம் இன்றும் பழசாகாததற்கு அதுதான் காரணம் என்பேன்.

விருந்தினராக கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் வருகிற பாட்டைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே அவருடைய கிதாரின் தோள்வார் கழன்றுவிடுகிறது. அந்த நொடியே 'தி பேண்ட்' குழுவின் ராபி ராபர்ட்சன் தன் கிதாரில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். தாளம் துளியும் தப்பவில்லை. கூட வாசிப்பவர் மேல் ஒரு காது எப்போதும் இருந்தால்தான் இது நடக்கும்.

இன்னொரு விருந்தினரான ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடும் காட்சி இன்னும் அருமை. 35 மி.மீ. பிலிமில், 1,000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம்தான் ஓடும்; அடிக்கடி மாற்றியாக வேண்டும். அவர் பாட வந்த நேரத்தில் மற்ற கேமராக்கள் ஓய்ந்திருந்தன. ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ் மட்டும், ஓயாமல் வந்த கட்டளைகளில் சலித்துப்போய் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். நிறுத்தச் சொன்னது காதில் விழவில்லை, தன் போக்கில் எடுத்துக்கொண்டே இருந்தார். அறுபதைக் கடந்த அந்த ப்ளூஸ் பாடகரின் முகத்தை நாம் இன்று அவ்வளவு நேரம் கண்கொட்டாமல் பார்ப்பது கோவாக்ஸ் புண்ணியம்.

டிரம்ஸ் வாசித்த லீவான் ஹெல்முக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. ராபர்ட்சனுக்கே எல்லா வெளிச்சமும் போய்விட்டது என்பது அவர் மனக்குறை. நியாயமான குறைதான், பியானோ வாசித்த ரிச்சர்ட் மானுவலை நாம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஹெல்ம் இரண்டு கையாலும் தாளம் போட்டபடி, கழுத்தை மைக் பக்கம் திருப்பி அடிவயிற்றிலிருந்து பாடும் இடங்களும் இதே படத்தில்தான் இருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் அவரைக் கவனித்துப் பாருங்கள். சத்தமாக ஓட்டச் சொல்லிப் படத்தின் தொடக்கத்திலேயே எழுதிப் போடுகிறார்கள். தயங்காமல் ஒலியைக் கூட்டிவிடுங்கள். நன்றி.