எந்த வருஷத்திலிருந்து ஃபேன்?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கால்பந்தைப் பற்றி ரேடியோவில் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் நான் பேசப்போவது ஆட்டத்தைப் பற்றி இல்லை, ஆட்டம் இல்லாத நேரத்தில் நம் பையன்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டு மடக்குவார்களே, அதைப் பற்றித்தான்.

கீழக்கரையோ பெரியபட்டினமோ பாம்பனோ, எந்த ஊரானாலும் ஆரம்பம் ஒன்றுதான். புது ஜெர்சி போட்டுக்கொண்டு ஒருத்தன் வந்து உட்காருவான், அநேகமாக துபாயிலிருந்து மாமா கொண்டுவந்ததாக இருக்கும். உடனே பக்கத்தில் இருக்கிறவன், "மாப்ளே, எந்த வருஷத்திலிருந்து ஃபேன்?" என்று பிடித்துக்கொள்வான். கிளப்பின் பழைய பேர் என்ன, முதல் கோப்பை எப்போது என்று வரிசையாக வரும். வந்தவன் முழித்தால் போச்சு, அன்றைக்கு டீக்காசு அவன் தலையில்தான். ஐரோப்பிய கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் நெருங்கும்போது இது உச்சத்துக்குப் போய்விடும், ஏனென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், கடலுக்குப் போகிற பையன்களுக்கும் ராத்திரி வேலை இருக்காது.

எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும். கேட்கிற கேள்விகள்தான் பல நேரம் சப்பென்று இருக்கின்றன. வருஷம் கேட்பதெல்லாம் ஒரு கேள்வியா? மான்செஸ்டர் யுனைடெட் 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற பேரில் ரயில்வே ஊழியர்கள் ஆரம்பித்த கிளப், 1902-இல் பேர் மாறியது, இதை ஃபோன் இரண்டு நொடியில் சொல்லிவிடும். ஏன் மாறியது என்று கேளுங்கள். கடனில் மூழ்கி மூடப்போகிற நேரத்தில் ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பீர் ஆலை முதலாளி பணம் போட்டுத் தூக்கிவிட்டார், புது ஆள் வந்ததும் புதுப் பேரும் வந்தது. இதைக் கேட்ட அன்றைக்கு, ரொம்ப காலமாக யுனைடெட் என்றால் உயிரை விடுகிற எங்கள் காக்கா ஒருவரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த லிவர்பூல் தம்பிக்கு ஒரே சிரிப்பு. அவனிடம் காக்கா நிதானமாகக் கேட்டார், "உங்க ஆன்ஃபீல்டு மைதானத்தில் விளையாடி முதன்முதலில் இங்கிலாந்து லீக் ஜெயித்த கிளப் எதுடா?"

"இதென்ன காக்கா கேள்வி, லிவர்பூல்தான்."

"எவர்டன்."

தம்பி நம்பவில்லை, ஃபோனை எடுத்தான். விஷயம் உண்மைதான். 1884-லிருந்து ஆன்ஃபீல்டு எவர்டனின் மைதானம், 1891-இல் லீக் பட்டம் வாங்கியதும் அங்கே இருந்தபோதுதான். அப்புறம் மைதானத்துச் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகைத் தகராறு. எவர்டன்காரர்கள் 1892-இல் கோபித்துக்கொண்டு பார்க்குக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க் போய்விட்டார்கள். ஹோல்டிங் கையில் மைதானம் இருக்கிறது, ஆட ஆள் இல்லை. என்ன செய்வார், தானே ஒரு கிளப்பை ஆரம்பித்துவிட்டார், அதுதான் லிவர்பூல். கடை வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஹோல்டிங் பக்கம்தான் பேசுவார்கள் என்று தெரியும். ஹோல்டிங்கும் பீர் ஆலைக்காரர்தான் என்று பெஞ்சுக்குத் தெரிந்தபோது காக்கா முகம் தெளிந்தது, அது வேறு விஷயம்.

இந்த மாதிரிக் கேள்விதான் எனக்கு வேண்டும். பதில் தெரியாதவனும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவேண்டும். இத்தாலியின் யுவென்டஸ் கிளப் சட்டைக்கு ஏன் கறுப்பு வெள்ளைப் பட்டை? முதலில் அவர்கள் போட்டது இளஞ்சிவப்பு, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போனது, 1903-இல் இங்கிலாந்திலிருந்து நாட்ஸ் கவுன்டி கிளப்பின் சட்டைகள் வந்தன, அப்படியே நிலைத்துவிட்டது. 2011-இல் டூரினில் யுவென்டஸ் புது மைதானம் திறந்தபோது முதல் ஆட்டத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அதே நாட்ஸ் கவுன்டியைத்தான். 1-1. ஆர்சனலின் சிவப்பும் கடன் வாங்கியதுதான். 1886-இல் உல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கிளப் ஆரம்பித்தபோது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கொடுத்த சட்டை அது.

எண்ணிக்கைச் சண்டையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, சரி. லிவர்பூல் 2025-இல் லீக் ஜெயித்ததும் யுனைடெட்டும் அவர்களும் ஆளுக்கு 20 பட்டம் என்று சமமானது, அன்றையிலிருந்து பெஞ்சில் நிம்மதி இல்லை. "பிரீமியர் லீகில் எங்களுக்கு 13, உனக்கு ரெண்டு" என்பான் யுனைடெட்காரன். "கால்பந்து 1992-லயா பொறந்துச்சு? 1990-க்குள்ளயே நாங்க 18" என்பான் இவன். இங்கிலாந்தின் பழைய லீக் பிரீமியர் லீக் ஆனது 1992-இல்தான், இரண்டு பேரும் சொல்வது சரி, அதனால்தான் முடியவே மாட்டேன் என்கிறது.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஜெர்சி போட்ட பெண்பிள்ளை வந்தால் மட்டும் கேள்வியின் குரலே மாறிவிடுகிறது. ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணிடம், ஆஃப்சைடு என்றால் என்னவென்று சொல்லு பார்ப்போம் என்று ஒருத்தன் ஆரம்பித்தான். அவள் பேனாவையும் சாவிக்கொத்தையும் மேசையில் வைத்து விளக்கிவிட்டு, திருப்பி ஒன்று கேட்டாள்: 2019-இல் இந்திய மகளிர் லீகை ஜெயித்த தமிழ்நாட்டு கிளப் எது? அத்தனை பேரும் ஊமை. சேது எஃப்சி, மதுரை கிளப். மதுரை இங்கிருந்து என்ன தூரம்? மான்செஸ்டர்காரனின் பரம்பரையே ஒப்பிக்கிற பயல்களுக்கு இது தெரியவில்லை. சென்னையின் எஃப்சி 2015-லும் 2018-லும் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், ஜெயித்ததாவது பாதிப் பேருக்கு நினைவிருக்கிறது.

கல்கத்தா கிளப் மோகன் பகானின் கதை இன்னும் ருசி. 1911 ஜூலை 29, கல்கத்தாவில் ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கோப்பைக்கான ஃபைனல், எதிரே கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட், பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளம். 2-1 என்று மோகன் பகான் ஜெயித்தது. நம் பையன்களிடம் கேட்கவேண்டிய கேள்வி, மோகன் பகான் பதினொரு பேரில் எத்தனை பேர் காலில் பூட்ஸ் இருந்தது? ஒரே ஒருத்தர், சுதிர் சாட்டர்ஜி. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்கு இதை விளக்கவே வேண்டாம், அந்த ஒருத்தர் ஏன் பூட்ஸ் போட்டார் என்றுதான் திருப்பிக் கேட்பான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். போகிற போக்கில் ஒன்று. ஐரோப்பியக் கோப்பையை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீகை, இரண்டு தடவை வாங்கி, சொந்த நாட்டு லீகை ஒரே ஒரு தடவை மட்டும் ஜெயித்த கிளப் எது? இத்தனை நேரம் பேசியதில் அந்தப் பேர் ஒரு தடவை வந்துவிட்டது. ஃபோனைத் தொடாமல் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் அதன் மேனேஜர் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் டீ என் கணக்கு.