84 போல்ட்டுகள்

வணக்கம் நேயர்களே. விமானப் பராமரிப்பில் தவறு நடந்தது என்றால், யாரோ அலட்சியமாக இருந்துவிட்டார் என்றுதான் உடனே சொல்கிறோம். அப்படிச் சொல்லி முடித்துவிடுவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பிய விமானம் 17,000 அடியைத் தாண்டியதும், விமானிக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவருடைய பாதி உடல் வெளியே. ஊழியர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி தரையிறக்கினார். விமானி பிழைத்தார்.

அந்தக் கண்ணாடியை மாற்றியது 27 மணி நேரத்துக்கு முன்பு, விடியற்காலையில். ஆள் குறைவு என்பதால் ஷிப்ட் மேலாளரே வேலையில் இறங்கினார். நல்ல அனுபவசாலி. கழற்றிய போல்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி தேடினார். ஸ்டோர்காரர் சரியான அளவைச் சொல்லத்தான் செய்தார். ஆனால் இத்தனை நாள் கண்ணாடியைத் தாங்கிய போல்ட் கையிலேயே இருக்கிறதே! அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நீளம் குறைந்தவை என்பது அவருக்குத் தெரியாது. அங்கே கையிருப்பு போதவில்லை. இன்னொரு கிடங்குக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில், கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். மொத்தம் 90 போல்ட்டில் 84, விட்டத்தில் சுமார் 0.66 மில்லிமீட்டர் சிறியவை.

சரி, முடுக்கும்போது தெரியாதா? எட்டி எட்டி வேலை செய்ததில் அவர் கையே போல்ட்டை மறைத்தது. போதிய இறுக்கம் வந்ததும் தானாக விட்டுக்கொடுக்கும் ஸ்க்ரூடிரைவர் அது; மரை வழுக்கியதும் கைக்கு அதே மாதிரிதான் பட்டது. இந்த வேலையை இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லி அனுப்பிவிட்டால், அதே இருட்டுக் கிடங்குக்கு அடுத்த ராத்திரி வேறொருவர் போவார்.

அடுத்த வருஷமே, 1991 செப்டம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சிறிய விமானம் விழுந்து 14 பேர் இறந்தார்கள். வால் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு ஷிப்ட் கழற்றிய 47 ஸ்க்ரூக்கள் திரும்பப் பூட்டப்படவே இல்லை. பாதி முடிந்த வேலை, என்ன பாக்கி என்பது சரியாகப் போய்ச் சேராமலே அடுத்த ஷிப்டுக்குக் கை மாறியது.

அதனால்தான் ஷிப்ட் மாறும்போது விமானத்தின் பக்கத்திலேயே நின்று, "எதைக் கழற்றியிருக்கிறீர்கள், எது இன்னும் பாக்கி?" என்று கேட்க வேண்டும் என்கிறேன். அப்புறம் இன்னொன்று. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, 'அந்த போல்ட்டை முடுக்கினேனா?' என்று ஒரு டெக்னீசியனுக்குச் சந்தேகம் வரும். எழுந்து போன் செய்து, "விமானத்தை நிறுத்துங்கள், ஒருதரம் பார்க்கணும்" என்பார். எடுப்பவர் அவரைத் திட்டக் கூடாது. முதலில் விமானத்தை நிறுத்திவிட்டு, எந்த போல்ட் என்று கேட்க வேண்டும்.