பல்கலைக்கழகம் திரும்பக் கேட்டால்

நேயர்களுக்கு என் வணக்கம். கலிஃபோர்னியாவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் கல்லூரி விண்ணப்பங்களைப் பார்த்துத் தரும் ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பொங்கல் நெருங்கும்போது தமிழ்ப் பெற்றோர் சிலரிடமிருந்து எனக்குப் பதற்றமான தொலைபேசி அழைப்புகள் வரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு வளாகம், பிள்ளையிடம் கூடுதல் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கும். “பையன் ஏதாவது தப்பாக எழுதிவிட்டானா?” என்பது முதல் கேள்வி, “இடம் கிடைத்த மாதிரிதானே?” என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் என் பதில் “இல்லை” என்பதே. அந்த மடல் உண்மையில் எதைக் கேட்கிறது, அதற்கு எப்படிப் பதில் எழுதலாம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப முறையை முதலில் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். இளங்கலைப் படிப்பு உள்ள ஒன்பது வளாகங்களுக்கும் ஒரே விண்ணப்பம்தான். கொடுக்கப்படும் எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல் பதில் எழுத வேண்டும். மதிப்பெண்களை மாணவரே பார்த்து நிரப்புகிறார். பள்ளிச் சான்றிதழ் அப்போது போவதில்லை, பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கிடையாது. எஸ்ஏடி, ஏசிடி என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்க்கைக்கு இப்போது பார்ப்பதே இல்லை. ஆகவே, விண்ணப்பத்தைப் படிப்பவரின் கையில் இருப்பது அந்த மாணவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது மட்டும்தான். அதில் ஒரு விடுபாடு இருந்தால், அதை நிரப்ப வேறு யாருடைய சொல்லும் அங்கே இருக்காது.

இதற்காகவே கூடுதல் பரிசீலனை என்றொரு முறை வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் ஆளுநர் குழு 2017-இல் இதற்கான கொள்கையை வகுத்தது. சேர்க்கை எல்லைக்கோட்டின் அருகே நிற்பவர்களில், விண்ணப்பத்தைப் படித்தும் முழுச் சித்திரம் கிடைக்காதவர்கள் அல்லது அசாதாரணமான சூழ்நிலையைக் கடந்து வந்தவர்கள் என்று தோன்றுபவர்களை மட்டும் இந்தப் பரிசீலனைக்கு அனுப்பலாம். அந்த எண்ணிக்கை மொத்த விண்ணப்பதாரர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர்களிடம் கேட்கக்கூடியவை மூன்று: ஒரு கேள்வித்தாளுக்கான பதில்கள், பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவ மதிப்பெண்கள், அதிகபட்சம் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். எல்லாரிடமும் மூன்றையும் கேட்பதில்லை. எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று மடலை இரண்டு முறையாவது நிதானமாகப் படியுங்கள்.

வருகிற மடல்கள் எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவையும் அல்ல. நீங்கள் சொன்னதற்குச் சான்று கேட்டு வருவது ஒரு வகை. குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரு விருதுக்கோ தொண்டுப் பணிக்கோ ஆதாரம் அனுப்பச் சொல்வார்கள். அதற்கு உரிய தேதிக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பமே ரத்தாகும். சங்கச் செயலாளரிடமிருந்து மணிக்கணக்கைக் குறித்த ஒரு கடிதமோ, பரிசுச் சான்றிதழின் நகலோ அதற்குப் போதும். அங்கே கதை எழுத வேண்டியதில்லை. கட்டணத்துக்காகக் கலிஃபோர்னியாவாசியா என்று விசாரிக்கும் படிவம் முற்றிலும் வேறு. சேர்க்கை கிடைத்த பிறகு வரும் அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கூடுதல் பரிசீலனையின் கேள்வித்தாளுக்கு வருகிறேன். ஒரு மாணவரின் அனுபவத்தை அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். தந்தை எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இங்கே மென்பொருள் வேலை பார்த்தவர். மகன் பதினோராம் வகுப்பில் இருந்தபோது அக்டோபர் முதல் வாரத்தில் அவருக்கு வேலை போனது. அந்த விசாவில் இருப்பவர் வேலையிழந்தால், வேறு நிறுவனம் அவருக்காக மனு போடுவதற்கோ, நாட்டை விட்டுக் கிளம்புவதற்கோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பது நேயர்களில் பலருக்கு நேரடியாகவே தெரிந்த செய்தி. தாய் அப்போது தம் தந்தையின் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்குப் போயிருந்தார். தங்கையைக் காலையில் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வந்து, குக்கரில் சோறு வைத்து, இரவில் அப்பாவுடன் சேர்ந்து பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கியவன் இந்தப் பையன். ஐம்பத்திரண்டாம் நாள் தந்தைக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் வேதியியலில் அவனுக்கு சி கிரேடு வந்தது, கணக்கில் பி. சேர்க்கைக்கான சராசரி பத்து, பதினோராம் வகுப்புப் பாடங்களிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஆகவே அந்த சி பளிச்சென்று தெரிந்தது.

நான்கு கேள்விகளுக்கும் அவன் எழுதிய பதில்களில் ரோபோ போட்டி இருந்தது, தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது இருந்தது. இந்த இரண்டு மாதங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூடுதல் விளக்கம் எழுதுவதற்கென்று விண்ணப்பத்திலேயே 550 சொற்களுக்கு இடம் உண்டு. அதையும் வெறுமையாக விட்டிருந்தான். படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதும் உண்டா என்று பல்கலைக்கழகம் கேட்டு எழுதியதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

முதலில் மறுத்தவர் தந்தைதான். “வீட்டு விஷயத்தை ஏன் மேடம் ஊருக்குச் சொல்ல வேண்டும்?” என்றார். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். நம் வீடுகளில் கடன், நோய், வேலையிழப்பு ஆகியவை நான்கு சுவர்களுக்குள் இருக்க வேண்டியவை. ஆனால் இதைப் படிக்கப் போகிறவர்கள் நம் உறவினர்களோ அக்கம்பக்கத்தாரோ அல்லர். நம் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர்கள் வேறு எப்படியும் தெரிந்துகொள்ள முடியாது. ஒருவர் விரும்பாததை எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் ஒருபோதும் வற்புறுத்துவதில்லை. ஆயினும், எழுதாமல் விட்டால் அந்த சி கிரேடு சோம்பேறித்தனத்தின் அடையாளமாகவும் படிக்கப்படலாம் என்பதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

பையன் எழுதி வந்த முதல் வரைவு, வாழ்க்கை தனக்குப் பல பாடங்களைக் கற்றுத் தந்ததாகவும், இன்னல்களே தன்னை உறுதியானவனாக ஆக்கியதாகவும் தொடங்கியது. எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் எழுதக்கூடிய வரி அது. அதை ஒதுக்கிவிட்டு, நாள்காட்டியையும் மதிப்பெண் பட்டியலையும் மேசையில் பக்கத்தில் பக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்பாவின் வேலை போன தேதி, அறுபதாம் நாள் வரும் தேதி, ஒப்படைக்காமல் விட்ட இரண்டு ஆய்வக அறிக்கைகள், வேலை கிடைத்த நாள், அடுத்த பருவத்தில் அதே வேதியியலில் வாங்கிய ஏ கிரேடு ஆகியவற்றை வரிசைப்படுத்தினோம். இரண்டாவது வரைவு இப்படித் தொடங்கியது: “அக்டோபர் முதல் வாரத்தில் அப்பாவுக்கு வேலை போனது. அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் கிளம்ப வேண்டும். அந்த வாரத்திலிருந்து என் தங்கையைப் பள்ளிக்கு அழைத்துப் போவது என் பொறுப்பாயிற்று.” அவன் ஆங்கிலத்தில் எழுதியதைத்தான் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். இதில் உருக்கம் ஏதும் இல்லை. ஆனால் படிப்பவர் ஒவ்வொரு வரியையும் மதிப்பெண் பட்டியலோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். சரிவு தொடங்கிய இடமும் மீண்ட இடமும் தேதியோடு நிற்கும்போது, விளக்கம் சாக்குப்போக்காகத் தோன்றுவதில்லை.

இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். கேள்வி ஒன்றாக இருக்க, ஏற்கெனவே எழுதிய நான்கு பதில்களையும் மெருகேற்றி மீண்டும் அனுப்புகிறார்கள். அவை படிப்பவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அனுப்பிய விண்ணப்பத்தின் நகலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை மட்டும் எழுதுங்கள். அதில் பத்து மணி நேரம் என்று எழுதியதை இங்கே பதினைந்து என்று எழுதிவிடவும் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தால், பெரிய பதவியில் இருக்கும் மாமாவையோ கோயில் அறங்காவலரையோ தேட வேண்டாம். பதினோராம் வகுப்பில் பாடம் எடுத்த, பிள்ளையின் பெயரைச் சொன்னதும் ஒரு சம்பவத்தை நினைவுகூரக்கூடிய ஆசிரியரே போதும். மடல் வந்த அன்றே அவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். கடைசித் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குளிர்கால விடுமுறையில் ஆசிரியர்களும் ஊருக்குப் போவார்கள் என்பதைப் பெற்றோர் ஏனோ மறந்துவிடுகிறார்கள். கேட்காதபோது கடிதம் அனுப்புவதால் பயனில்லை.

முதல் பருவ மதிப்பெண்களைக் கேட்டால் உள்ளதை உள்ளபடியே கொடுங்கள். விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்த ஒரு பாடத்தைப் பாதியில் விட்டிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்; சேர்க்கை கிடைத்த பின் பள்ளியிலிருந்து இறுதிச் சான்றிதழ் நேரடியாகப் போகும்போது அது எப்படியும் வெளிப்பட்டுவிடும்.

அந்தப் பையன் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு தன் பதிலை இணையத்தில் பதிவு செய்து, பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்த வாசகத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். மறுநாள் தந்தை தொலைபேசியில் அழைத்தார். முடிவு எப்போது வரும் என்று கேட்பார் என எதிர்பார்த்து, மார்ச் மாத இறுதிக்குள் என்று சொல்வதற்கு ஆயத்தமாக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. பதிலைத் தாமும் படித்ததாகவும், தங்கையின் மதிய உணவுப் பெட்டியை அந்த இரண்டு மாதமும் யார் கட்டிக் கொடுத்தார்கள் என்பது அதுவரை தமக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

வணக்கம்.