நோயாளியிடம் கேட்டீர்களா?

வணக்கம் நேயர்களே. கருணைக்கொலை சரியா பிழையா என்று பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இல் அதைச் சட்டமாக்கிவிட்டன. இலங்கையில் அது குற்றம். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதற்கு முந்திய கேள்வியே தீரவில்லை: சாகப்போகிறவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். வாட்டு வாசலில் மகன் டொக்டரை மறித்து, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதீங்க, தாங்கமாட்டா" என்கிறார். அவவுக்கு வயிற்றுப்புண் என்று சொல்லியாகிவிட்டது. தலைமுடி கொட்டினவவுக்கு, பக்கத்துக் கட்டில்காரியோடு நாள்முழுக்கக் கதைத்தவவுக்குத் தெரியாதா? தெரியும். பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவவும் வாய்திறப்பதில்லை. கடைசி மகளுக்கு எழுதவேண்டிய வளவும் எழுதாமலே கிடக்கும்.

"என்னைச் சாகவிடுங்க" என்பவர்களில் பலர் கேட்பது, வலியை நிறுத்தச் சொல்லித்தான். கடும் வலிக்குக் கொடுக்கிற மோர்பின் என்றதும் நாங்கள் பயப்படுகிறோம், மூச்சு நின்றுவிடும் என்று. டொக்டர் சிறிய அளவில், பெரும்பாலும் 2.5 அல்லது 5 மில்லிகிராமில் தொடங்கி, வலியைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனால் அப்படி நடப்பது மிக அரிது. வாயால் எடுக்கும் சாதாரண மோர்பின் 4 மணித்தியாலம்தான் நிற்கும். அதனால் வலி வரும்வரை காத்திராமல் நேரம் பார்த்துக் கொடுக்கவேண்டும். "பாவம், நித்திரை கொள்ளட்டும்" என்று இரவு மருந்தை விட்டால், விடியச் சாமத்தில் வலி எழுப்பிவிடும். படுக்கும்போது எவ்வளவு கொடுப்பது என்று டொக்டரிடம் முன்பே கேட்டுவையுங்கள். சிறுநீரகம் பழுதென்றால் கட்டாயம் சொல்லுங்கள், அளவும் நேரமும் மாறும். அசதியும் குமட்டலும் சில நாளில் குறையும், மலச்சிக்கல் குறையாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். அதை விட்டுவிட்டு, வயிறு ஊதினதும் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று மோர்பினையே நிறுத்திவிடுகிறார்கள். திரும்பவும் சொல்கிறேன்: நேரம் பார்த்து, மலமிளக்கியோடு.

வலி அடங்கின பிறகும் ஒருவர், "மூச்சு மெஷின் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றால், அது அவருடைய உரிமை. அதைக் கருணைக்கொலை என்று சொல்லக்கூடாது. உயிரை முடிக்கவென்றே மருந்து ஏற்றுவதுதான் கருணைக்கொலை. கடைசி நாள்களில் பசி தானாக அடங்கும். பட்டினி போடுகிறோமோ என்று கஞ்சியைப் பருக்கினால், புரைக்கேறி நுரையீரலுக்குள் போய்விடும். நனைத்த பஞ்சால் உதட்டை ஈரமாக்கினால் போதும்.

வலி அடங்கியும் சாவைக் கேட்பவர் சிலர் இருப்பார்கள். அவர்களை நான் பாவிகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மோர்பின் கிடைக்காமல், "மகளுக்குப் பாரமாகிட்டன்" என்று ஒருவர் கேட்கிற சாவை அவருடைய சுயவிருப்பம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கிற மருத்துவ உயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. சுருக்கமாக: உங்களால் பேசமுடியாமல் போனால் யார் பேசுவது, மெஷின் போடுவதா, கடைசியில் எங்கே இருக்க விருப்பம், இந்த மூன்றையும் வீட்டாரோடு கதைத்து, ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். வணக்கம்.