மலை தாங்கும் கணக்கு 50

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். ‘மலையகத்தில் கலியாணம்: 500 பேரா, 50 பேரா?’ இதுதான் தலைப்பு. இலங்கை மலையகத்தில் ஒரு ஹோட்டலிலோ தோட்டத்துப் பங்களாவிலோ கலியாணம் வைத்தால் எத்தனை பேரை அங்கே அழைத்துப்போவது என்பதுதான் கேள்வி. எங்கள் அணி 50. எதிரணித் தலைவர் எழுந்த வேகத்தில், ‘50 பேருக்கு மட்டும் சோறு போடுவது கஞ்சத்தனம்’ என்றார். காசு மிச்சம் என்று நாங்கள் எங்கே சொன்னோம் ஐயா? அறை, வாகனம், இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் வீட்டார் தலையில்தான் விழும். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் உங்கள் மண்டபத்தைவிடக் கூடவே வரும். நாங்கள் பேசுவது மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதைப் பற்றி.

முதலில் மாதம். முகூர்த்தம் குறித்துவிட்டு இடம் தேடுகிறவர்கள்தான் மழையில் நனைகிறார்கள். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி, கிழக்குப் பக்கத்து ஊவா மாகாணத்துக்கு இறங்கும்போது காய்ந்துவிடும். ஆகவே ஆவணி முகூர்த்தமா, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் போங்கள். அங்கே மழை குறைவு, காற்றுத்தான் பந்தலைப் பிடுங்கும். தை, மாசி என்றால் நுவரெலியா, ஹட்டன் பக்கம் நல்லது. ஊவாவில் தையிலும் வடகீழ் மழை தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அந்த மாதங்களில் விடிகாலையில் புல்லில் உறைபனி விழும். மாலை வரவேற்பைப் புல்வெளியில் வைத்தால் பாட்டிமார் கம்பளியோடு அறைக்குப் போய்விடுவார்கள். ஏப்ரலில் அங்கே வசந்தகாலக் கூட்டம், அறைக்கே அடிபிடி. ஐப்பசி, கார்த்திகை இரண்டு பக்கமும் வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையக வீதிகளும் ரயில் பாதையும் மண்சரிவில் அறுந்ததைப் பார்த்தோமே.

அடுத்தது பாதை. தோட்டத்துப் பங்களாவுக்குப் போகும் உள்வீதியில் பெரிய பஸ் திரும்பாது. 25 பேர் ஏறும் சின்ன பஸ் இரண்டு, முதியவர்களுக்கு ஒரு வான். கொழும்பிலிருந்து ஐந்தாறு மணித்தியாலம் ஆகும், றம்பொடை வளைவுகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். அதனால் முதல் நாளே, பிற்பகல் பனிமூட்டம் இறங்குமுன் வந்து சேர வேண்டும். திரும்பி ஹட்டன் வழியாக இறங்குகிறவர்கள் நேரம் மிச்சம் என்று ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ்ஸை விடக்கூடாது. 2023 ஜனவரியில் பஸ், வான், முச்சக்கரவண்டி மோதி ஏழு பேர் செத்த இறக்கம் அது. சாரதியிடம் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள்.

இனிச் சமையல். எதிரணி நண்பர் ‘கொழும்பிலிருந்து பெரிய சமையல் குழுவை இறக்குவோம்’ என்றார். இறக்குங்கள்! நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், கீழே பழகிய கணக்கில் அடுப்பு மூட்டியவர் முகூர்த்தம் முடிந்தும் கிண்டிக்கொண்டிருப்பார். குளிரில் இட்லி மா இரவோடு இரவாகப் புளிக்காது. முதல் நாள் மதியமே அரைத்து, அடுப்படிச் சூட்டில் வைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்திருக்கும். பரிமாறிய சோறு சில நிமிடத்தில் ஆறிப்போகும், அதனால் 25 இலை, பிறகு 25 இலை என்று இரண்டு பந்திதான் சரி. 50 பேருக்கு ஆறேழு கிலோ அரிசி போதும். 500 பேருக்குச் சூடாகப் போடுவதற்கு அங்கே அடுப்பு எங்கே இருக்கிறது? வாழையிலை, வெற்றிலை, மல்லிகை கீழிருந்து வர வேண்டும். மற்றப் பூவெல்லாம் அங்கேயே கிடைக்கும்.

ஹோட்டலோடு எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. மழை வந்தால் உள்ளே எந்த மண்டபம், அதற்குத் தனிக் கட்டணமா? ஓமம் வளர்க்கலாமா? பழைய பங்களாக்களில் மரக்கூரை, புதிய இடங்களில் புகை பட்டதும் அலறும் கருவி. இரண்டு இடத்திலும் ஐயர் நெய் ஊற்றியபிறகு கேட்டால் பயனில்லை. விடிகாலை நாலு மணிக்கு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் சுடுதண்ணீர் திறந்தால் வருமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அதைத் தாங்குமா என்றும் கேளுங்கள். கலியாணப் பதிவை முன்கூட்டியே ஊரில் முடித்துவிடுவது சுகம். பதிவாளரை ஹோட்டலுக்கு அழைப்பதானால் அதற்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும்.

‘ஊரை விட்டுவிட்டுக் கலியாணமா?’ என்றீர்கள். அது நியாயமான கேள்வி. தோட்டத்தில் ஒரு வீட்டு விசேஷம் என்றால் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், முழுக்க வரும். அந்த வழக்கத்தை உடைத்துவிட்டு 50 பேர் பட்டியலை மறைத்து வைப்பது அசிங்கம். அதனால் பட்டியலை இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து போடட்டும்: ஒவ்வொரு வீட்டுக்கும் 20, மணமக்களின் நண்பர்களுக்கு 10. ஊருக்கு அடுத்த வாரம் ஊரிலேயே பந்தி, அழைப்பிதழிலேயே அந்தத் தேதி. அங்கே 500 பேர் வரட்டும், ஆயிரம் பேர் வரட்டும்.

நடுவர் அவர்களே, எதிரணியிலிருந்து அடுத்து எழுபவரிடம் ஒரே ஒரு விடை வாங்கித் தாருங்கள்: முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை, பனிமூட்டத்துக்குள் 20 பஸ்ஸை எந்தப் பங்களா வாசலில் திருப்பப் போகிறார்?