இடப்பக்கம் போனவர், வலப்பக்கம் வந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய மேசை இழுப்பறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போலக் கோடு போட்ட ஒரு நோட்டு இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் பாஸ்டனின் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியை விட்டுப் போனவரின் பெயர், வலப்பக்கம் அவருக்குப் பதிலாக வந்தவர்களின் பெயர். ஒவ்வொரு வருஷமும் ஆட்டப் பருவம் முடிந்ததும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். போனவர் அங்கே என்ன செய்தார், வந்தவர் இங்கே என்ன செய்தார் என்று ஒரு வரி சேர்ப்பார். இரண்டு பக்கத்து ஆட்களும் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பக்கத்தின் அடியில் இரட்டைக் கோடு இழுப்பார்.

பேஸ்பால் ரசிகர்கள் ஒரு வீரர் போனதற்காக மாதக் கணக்கில் ஏன் வாதாடுகிறார்கள் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த நோட்டுதான். இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் விளையாட்டின் ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேல்மட்டப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரைக்கும் ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அடுக்களை வானொலியில் அந்த வீரர்களின் பெயர் கேட்டபடியே இருக்கும். ஐந்தாறு வருஷத்தில் அவர்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒருவரை அணி நிர்வாகம் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். அதைத்தான் ட்ரேட் என்கிறார்கள். லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவர் மாட்டேன் என்று சொல்லலாம். ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்கியவரும் சொல்லலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் இளம் பையன்கள். ஒவ்வோர் அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் படிப்படியாக இருக்கின்றன. சிங்கிள் ஏ, அதற்கு மேல் டபுள் ஏ, அதற்கும் மேல் டிரிபிள் ஏ. நம் வயல்காட்டில் நாற்றங்கால் செய்கிற வேலையை அங்கே அவை செய்கின்றன. பதினெட்டு வயதிலோ கல்லூரி முடித்தோ வருகிற பையன்களை அங்கே வளர்த்து, தேறியவனை மட்டும் மேலே கொண்டுவந்து நடுவார்கள். மேலே வந்தவன் ஆறு வருஷ சேவை முடிக்கும்வரை தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. முதல் சில வருஷங்களில் அவன் வாங்குவது குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகை. 2025-ல் அது 7,60,000 டாலர். நமக்குப் பெரிய பணம். ஆனால் பக்கத்தில் நிற்கிற நட்சத்திர வீரர் மூன்று கோடி டாலர் வாங்குகிறார் என்றால், இந்தப் பையனின் ஆறு வருஷத்துக்கு நிர்வாகம் என்ன மதிப்புப் போடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூலை மாதக் கடைசியில் ட்ரேட் செய்வதற்கான கெடு வரும். பாஸ்டனில் அந்த மாதம் முழுக்க முடிதிருத்தும் கடையிலும் ரயிலிலும் ஒரே வழக்குதான். கோப்பை இந்த வருஷம் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. விதைநெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிட்டுவிடலாமா, வேண்டாமா?

பெரியவரின் நோட்டில் இதற்கு ஒரு பக்கம் உண்டு. 1990 ஆகஸ்ட். அந்தக் காலத்தில் ஆகஸ்டிலும் ட்ரேட் செய்ய வழி இருந்தது. இடப்பக்கம் ஜெஃப் பாக்வெல். பாஸ்டனில் பிறந்து, பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் வளர்ந்து, ரெட் சாக்ஸைப் பார்த்தே பேட் பிடித்த பையன். டபுள் ஏ அணியில் .333 சராசரியில், அதாவது மூன்று வாய்ப்பில் ஒன்றில் தேறும்படி, அடித்துக்கொண்டிருந்தான். ஆனால் ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரியான அடி, நான்குதான். ரன் எடுக்க ஓடுபவர் சுற்றிவர வேண்டிய பேஸ்களில் மூன்றாவதைக் காப்பது அவன் வேலை. மேஜர் லீக் அணியில் அந்த இடத்தில் வேட் பாக்ஸ் அசையாமல் நின்றார். வலப்பக்கம் ஹூஸ்டன் அணியிலிருந்து வந்த லேரி ஆண்டர்சன், 37 வயது பிட்சர், அதாவது பந்து வீசுபவர். ஆண்டர்சன் குறை சொல்ல முடியாதபடி வீசினார். 22 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.23 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்த சராசரி. ரெட் சாக்ஸ் தன் பிரிவில் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தது. அடுத்த கட்டத்தில் ஓக்லண்டிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. ஆண்டர்சன் அந்தக் குளிர்காலத்திலேயே வேறு அணிக்குப் போய்விட்டார்.

இடப்பக்கத்து வரிகள் அதற்குப் பிறகுதான் நீள ஆரம்பித்தன. 1991-ல் சிறந்த புதுமுகம். 1994-ல் லீகின் மிகச் சிறந்த வீரர். 15 பருவம், அத்தனையும் ஹூஸ்டனுக்கே. மொத்தம் 449 ஹோம் ரன். 2017-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மண்டபத்தில் இடம். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டும்போது பெரியவர் ஒன்றும் பேசவில்லை, வரிகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

ஆனாலும் அந்த ட்ரேட்டைச் செய்தவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அணிக்கு ஒரு பிட்சர் தேவைப்பட்டார், வாங்கினார்கள். நாற்று எப்படி விளையும் என்று நட்டவனுக்கே தெரியாத தொழில் இது. அதே அணி 1997 ஜூலை 31 அன்று, பாஸ்டனில் தடுமாறிக்கொண்டிருந்த ஹீத்கிளிஃப் ஸ்லோகம் என்ற பிட்சரை சியாட்டிலுக்குக் கொடுத்து, ஜேசன் வாரிடெக், டெரெக் லோ என்ற இரண்டு இளைஞர்களை வாங்கியது. ஏழு வருஷம் கழித்து, 2004-ல், கோப்பைக்கான மூன்று தொடர்களிலும் கடைசி வெற்றி லோவின் கணக்கில்தான் ஏறியது. பந்தை வாங்கும் கேட்சர் வாரிடெக். அன்றைக்கு சியாட்டில் ரசிகர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ட்ரேட்டே இல்லாமல் ஆள் கைமாறுவதும் உண்டு. ஓர் அணி 40 பேரைத்தான் தன் பட்டியலில் பாதுகாத்து வைக்க முடியும். சில வருஷம் மைனர் லீகில் இருந்தும் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காதவனை, டிசம்பரில் நடக்கும் ரூல் ஃபைவ் தேர்வில் வேறு அணி ஒரு லட்சம் டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அடுத்த பருவம் முழுக்க அவனை மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்த கேரட் விட்லாக்கை 2020-ல் நியூயார்க் யாங்கீஸ் பாதுகாக்காமல் விட்டது. ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷமே 1.96 சராசரியில் வீசினார். நோட்டில் அந்தப் பக்கத்தின் இடப்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. அதுவும் பரம எதிரியான யாங்கீஸிடமிருந்து! நாற்பதாவது பெயர் யாருடையது என்று ரசிகர்கள் நவம்பர் குளிரில் சண்டை போட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

இப்போது நோமருக்கு வருகிறேன்.

நோமர் கார்சியாபாரா, ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று பந்தைத் தடுப்பவர். 1997-ல் சிறந்த புதுமுகம். 1999-ல் .357, 2000-ல் .372 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் பேட்டிங் பட்டம். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இரண்டு கையுறைகளையும் மாற்றி மாற்றி இழுத்துவிட்டு, கால் நுனியைத் தரையில் தட்டுவார். பாஸ்டன் பிள்ளைகள் எல்லாம் தெருவில் அதையே செய்தார்கள். அந்த ஊர் உச்சரிப்பில் அவர் பெயர் ‘நோமா’. அந்த நோமாவை 2004 ஜூலை 31 அன்று, நான்கு அணிகள் சேர்ந்த ஒரு ட்ரேட்டில், பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிவிட்டார். எப்ஸ்டீனுக்கு அப்போது வயது 30.

அணி அன்றைக்கு மினசோட்டாவில் ஆடிக்கொண்டிருந்தது. பதிலுக்கு வந்த இருவரில் ஒருவரான டக் மென்கேவிச் மினசோட்டா வீரர். அவர் தன் உடை மாற்றும் அறையிலிருந்து எதிரணி அறைக்கு நடந்தே போய் ரெட் சாக்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டார். இன்னொருவர் ஆர்லாண்டோ கப்ரேரா, அவரும் ஷார்ட்ஸ்டாப். பேட்டில் நோமருக்கு ஈடு இல்லை. ஆனால் பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். நோமருக்கு அந்த வருஷம் குதிகால் தசைநாரில் காயம், பாதி ஆட்டங்களில் இல்லை. அணியின் பந்துத் தடுப்பு ஓட்டையாக இருந்தது. எப்ஸ்டீன் அடைத்தது அந்த ஓட்டையைத்தான். அதே நாளில் சத்தமில்லாமல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரரையும் ஒரு மைனர் லீக் பையனைக் கொடுத்து வாங்கினார்.

அன்று பாஸ்டனில் வீட்டுக்கு வீடு சண்டை. பெரியவர் தன் தம்பியோடு இரண்டு வாரம் பேசவில்லை.

அக்டோபர் 17. யாங்கீஸோடு நடந்த தொடரில் மூன்று ஆட்டம் தோற்றாகிவிட்டது. நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால். மூன்று அவுட் ஆனால் பருவமே முடிந்தது. முதல் பேஸில் ராபர்ட்ஸை ஓடுவதற்காகவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பந்தை யாரும் அடிக்காமலே அவர் அடுத்த பேஸுக்கு ஓடப் போகிறார், அதாவது பேஸைத் திருடப் போகிறார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஓடினார். கைப்பிடி அகலத்தில் தப்பினார். பில் மில்லர் அடித்த அடியில் ஓடி வந்து ரன் சேர்த்தார். அந்த ஆட்டத்தை வென்று, அடுத்த மூன்றையும் வென்று, பிறகு கோப்பையையும் வென்றது ரெட் சாக்ஸ். 1918-க்குப் பிறகு, 86 வருஷம் கழித்து. அந்த இலையுதிர் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் கல்லறைக்குப் போய், தாத்தாவின் கல்லில் அணியின் தொப்பியையும் கொடியையும் வைத்துவிட்டு வந்தன. பெரியவரின் அப்பா 1918-க்குப் பிறகு பிறந்து 2004-க்கு முன்னால் இறந்தவர். பெரியவரும் அவர் கல்லறைக்குப் போய் வந்தார்.

நோட்டின் முதல் பக்கம் அந்த அப்பா சொல்லி எழுதியது. தேதி 1919 டிசம்பர் 26. இடப்பக்கம் பேப் ரூத். வலப்பக்கம் ஆள் பெயரே இல்லை. ‘1,00,000 டாலர்’ என்று மட்டும் இருக்கிறது. அந்த வருஷம்தான் ரூத் 29 ஹோம் ரன் அடித்து லீக் சாதனை படைத்திருந்தார். அவரை விற்றதோடு, யாங்கீஸ் முதலாளியிடம் ஃபென்வே பார்க் மைதானத்தையே ஈடு காட்டி மூன்று லட்சம் டாலர் கடனும் வாங்கினார் உரிமையாளர் ஹாரி ஃப்ரேசி. அடுத்த வருஷம் நியூயார்க்கில் ரூத் அடித்தது 54.

ட்ரேட் வாதங்களில் என் பக்கம் எது என்று கேட்டால், இந்த முதல் பக்கத்தை வைத்துத்தான் சொல்வேன். அணியில் ஒரு குறை இருக்கிறது, அதைத் தீர்க்க ஒருவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்குகிறார்கள் என்றால், அது தோற்றாலும் எனக்குக் கோபம் இல்லை. பாக்வெல் போனதும் அப்படி, நோமர் போனதும் அப்படி. பணத்துக்காக ஒரு மகத்தான வீரரை விடுவது வேறு. மூக்கி பெட்ஸை விட்டது அந்த வகை.

2011-ல் புது வீரர்களுக்கான தேர்வில், ஐந்தாவது சுற்றில் ரெட் சாக்ஸ் தேர்ந்தெடுத்த பையன் பெட்ஸ். இரண்டாவது பேஸில் ஆடிக்கொண்டிருந்தவரை வலது அவுட்ஃபீல்டுக்கு மாற்றியதும் இவர்களே. தன் நாற்றங்காலில் தானே வளர்த்த பயிர். 2018-ல் .346 சராசரி, 32 ஹோம் ரன், லீகின் மிகச் சிறந்த வீரர், அணிக்குக் கோப்பை. இரண்டே வருஷத்தில், 2020 பிப்ரவரியில், டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே பெரிய சம்பளக்காரரான டேவிட் பிரைஸையும் அனுப்பினார்கள். மொத்தச் சம்பளம் 20 கோடியே 80 லட்சம் டாலரைத் தாண்டினால் அந்த வருஷம் வரி கட்ட வேண்டும். அதற்குக் கீழே இறங்குவது நிர்வாகத்தின் நோக்கமாக இருந்தது. ட்ரேட்டை நடத்தியவர் அப்போது புதிதாகப் பொறுப்பேற்றிருந்த கைம் ப்ளூம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்ஸுக்கு ஒப்பந்தத்தில் ஒரே வருஷம்தான் பாக்கி. அது முடிந்தால் கைக்கு ஒன்றும் மிஞ்சாமல் போய்விடுவார். இப்போதே கொடுத்தால் மூன்று இளைஞர்களாவது கிடைப்பார்கள். கணக்காகப் பார்த்தால் பிழையில்லை. எங்கள் கணக்குப் பிரிவிலேயே பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் டாட்ஜர்ஸ் என்ன செய்தது? புது அணிக்காக அவர் முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே 12 வருஷத்துக்கு 36 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டது. 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பைகள். அந்த மூன்றிலும் அணியின் மேலாளர் யார் தெரியுமா? டேவ் ராபர்ட்ஸ். பாஸ்டனுக்காக ஒரு பேஸ் திருடிய அதே மனிதர்.

பாஸ்டன் பணமில்லாத ஊர் இல்லை. ஃபென்வேயில் ஒரு சீட்டுக்கு ரசிகன் கொடுக்கிற விலை எனக்குத் தெரியும், நானும் கொடுத்திருக்கிறேன். நோட்டில் அந்தப் பக்கத்தின் வலப்பக்கம் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றுக்குப் பின்னால் 1919-ன் அந்தத் தொகைதான் தெரிகிறது.

நான் ஊர் திரும்பிய பிறகும் பெரியவர் கூப்பிடுவார். 2025 ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை யாங்கீஸை மூன்றுக்கு மூன்றும் வென்ற சந்தோஷம் அடங்குவதற்குள் ரஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டதாகச் செய்தி. 31 கோடியே 35 லட்சம் டாலர் ஒப்பந்தக்காரர். மூன்றாவது பேஸுக்கு வேறு ஆளை வாங்கியதும், முதல் பேஸுக்குப் போ என்றதற்கு அவர் மறுத்ததும் அந்த வசந்தம் முழுக்க ஓடிய தகராறு. பெரியவர் டெவர்ஸ் மேல்தான் தப்பு என்றார். நான் நிர்வாகத்தின் மேல் என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசியும் இருவரும் இறங்கி வரவில்லை.

கடைசியாகப் பெரியவர் கூப்பிட்டது அதே வருஷம் நவம்பரில். பெட்ஸ் பக்கத்தில் எழுத இடமில்லை என்றார். பெட்ஸுக்குப் பதிலாக வந்த வெர்டூகோவை 2023-ல் யாங்கீஸுக்குக் கொடுத்தபோது வந்தவர்களில் ரிச்சர்ட் ஃபிட்ஸ் என்ற பிட்சர் ஒருவர். அந்த ஃபிட்ஸை அந்த மாதம் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து, 36 வயது சன்னி கிரே என்ற பிட்சரை வாங்கியிருந்தார்கள். செயின்ட் லூயிஸ் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் கைம் ப்ளூம்.

ஒரு துண்டுத் தாளை வெட்டி அடியில் ஒட்டி, அதில் கிரேயின் பெயரை எழுதியிருக்கிறாராம். இரட்டைக் கோடு போட இன்னும் நாளாகும் என்றார்.

வணக்கம்.